பனிக்குடச் சவ்வு: லேசருக்குப் பிறகு தோல் ஆற அதை எப்படிப் பயன்படுத்துவது

பிரசவத்தின்போது 'பனிக்குடம் உடைந்துவிட்டது' என்கிறோமே, அந்தக் குடத்தின் உட்சுவர்தான் பனிக்குடச் சவ்வு. குழந்தை பிறந்தபின் நஞ்சுக்கொடியோடு சேர்ந்து வெளியே வரும். பெரும்பாலும் மருத்துவக் கழிவாகப் போய்விடும். தாய் சம்மதித்துத் தானமாகக் கொடுத்தால், அதே சவ்வு தீப்புண்ணுக்கும் கண்ணுக்கும் ஆறாத கால்புண்ணுக்கும் போர்வையாகிறது. அண்மைக் காலமாக லேசர், டெர்மாபிரேஷன் (மேல்தோலைத் தேய்த்து எடுப்பது) போன்ற அழகுச் சிகிச்சைகளுக்குப் பின்னும் இதை வைக்கிறார்கள்.

இப்படிச் சிகிச்சை எடுக்கப் போகிறவர்களுக்காகவும், தோல் மருத்துவரிடம் புதிதாக உதவிக்குச் சேர்ந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம். சவ்வை வைப்பது மருத்துவரின் வேலை, அல்லது அவர் மேற்பார்வையில் பயிற்சி பெற்றவரின் வேலை. வீட்டில் வாங்கி ஒட்டிக்கொள்ளும் பொருள் அல்ல. ஆனால் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று தெரிந்தவர்தான் முதல் வாரத்தைப் பிழையில்லாமல் கடப்பார்.

அது என்ன செய்கிறது

சவ்வின் தடிமன் 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர்தான். வெங்காயத்தின் உள்ளே இரண்டு அடுக்குக்கு நடுவில் ஒரு மெல்லிய தோல் உரிந்து வருமே, ஏறக்குறைய அந்த மாதிரி. ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும், அது எபிதீலியம். அதற்கு அடியில் அடித்தளச் சவ்வு, அதற்கும் கீழே கொலாஜன் இழைகள் நிறைந்த ஸ்ட்ரோமா. இந்த ஸ்ட்ரோமா பக்கம் தொட்டால் பிசுபிசுப்பாக ஒட்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

லேசர் மேல்தோலைச் சுட்டு எடுத்ததும் புண்ணுக்குக் கூரை இல்லாமல் போகிறது. நீர் ஆவியாகும், நரம்பு முனைகள் காற்றுபட்டு எரியும், காய்ந்த பொருக்கு கட்டும். பொருக்குக்குக் கீழே நகர வேண்டிய புதுச் செல்கள் ஈரத்தைத் தேடி ஆழமாக இறங்கிச் சுற்றுவழியில் போகும். ஈரமாக மூடி வைத்த புண் திறந்து காய்ந்த புண்ணைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகத் தோலால் மூடும் என்று ஜார்ஜ் விண்டர் 1962-இல் பன்றிகளின் தோலில் காட்டினார். இன்றைய ஈரக்கட்டுகள் எல்லாமே அந்த உண்மையின் மேல் நிற்பவைதான்.

பனிக்குடச் சவ்வு அந்த ஈரக்கூரையாக வேலை செய்கிறது. அதற்கு மேலும் சில நன்மைகள் உண்டு. அதில் உள்ள நான்காம் வகைக் கொலாஜனும் லாமினின் என்ற புரதமும் புதுச் செல்கள் பிடித்துக்கொண்டு நகர வழி போட்டுக் கொடுக்கின்றன. வளர்ச்சிக் காரணிகளும், அழற்சியைத் தணிக்கும் புரதங்களும் இருக்கின்றன. ரத்தக் குழாய் இல்லாததாலும், உடலின் எதிர்ப்பைத் தூண்டும் அடையாளங்கள் குறைவாக இருப்பதாலும் ரத்த வகை பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை. நிரந்தரமாக ஒட்டி உங்கள் தோலாக மாறிவிடாது. சில நாள் கூரையாக நின்று, கொஞ்சம் கரைந்து, மீதி உரிந்து விழும்.

உலர்த்திக் கதிரியக்கத்தால் கிருமி நீக்கிய சவ்வில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. ஆகவே 'ஸ்டெம் செல் முகச் சிகிச்சை' என்று யாராவது இதை விற்றால், அவர் பொருளைத் தெரியாதவர், அல்லது தெரிந்தே பொய் சொல்பவர்.

1910-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜான் டேவிஸ் தோல் ஒட்டுக்குப் பயன்படுத்தியதிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. கண் அறுவை, மேலோட்டமான தீப்புண், சர்க்கரை நோயாளியின் கால்புண் ஆகியவற்றில் இதற்கு நல்ல சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. அழகுச் சிகிச்சைக்குப் பின் வைப்பதற்கு இருப்பவை சிறிய ஆய்வுகள்தான். எரிச்சல் குறைவதும், முதல் சில நாள் எளிதாகக் கழிவதும் எதிர்பார்க்கக் கூடியவை. இளமை திரும்பும், சுருக்கம் போகும் என்று நம்பி வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்குத் தேவையா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

மைக்ரோ நீட்லிங்கில் ஊசி போட்ட துளைகள் ஒரு நாளுக்குள் தாமாக மூடிக்கொள்ளும். மேலோட்டமான கெமிக்கல் பீலும் (அமிலம் பூசித் தோலை உரிப்பது) அப்படித்தான், சில நாள் தோல் உரிந்து சரியாகும். இவற்றின் மேல் சவ்வு வைப்பது தானத்தை வீணாக்குவது. ஃப்ராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசரில் சுட்ட புள்ளிகளுக்கு நடுவே சுடாத தோல் இருப்பதால் 3 முதல் 7 நாளில் மூடிவிடும். வாஸ்லின் போட்டு நன்றாகப் பார்த்துக்கொண்டாலே பெரும்பாலும் போதும். தோலை முழுப் பரப்பாகச் சுட்டு எடுக்கும் லேசர், ஆழமான பீல், டெர்மாபிரேஷன் ஆகியவைதான் 7 முதல் 14 நாள் வரை திறந்த புண்ணாகக் கிடப்பவை. சவ்வுக்கு இடம் அங்கே.

அளவையும் கணக்கு போட்டுப் பாருங்கள். 4×4 சென்டிமீட்டர் துண்டு 16 சதுர சென்டிமீட்டர்தான் மூடும். முழு முகம் பல நூறு சதுர சென்டிமீட்டர். முகம் முழுக்கப் போர்த்த இருபதுக்கு மேல் துண்டுகள் வேண்டும். அதனால் மேலுதடு, கன்னத்தில் ஆழமாகத் தேய்த்த தழும்பு என்று சிரமப்பட்டு ஆறும் இடங்களுக்கு மட்டும் சவ்வு, மற்ற இடத்துக்கு வாஸ்லின் என்று பிரித்துக்கொள்வதே எங்கள் கணிப்பில் சரியான முறை.

சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: உதட்டோரம் எப்போதாவது கொப்புளம் வந்ததா (ஹெர்பிஸ்), தழும்பு தடித்து வளரும் கீலாய்டு இருக்கிறதா, பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டீர்களா, சர்க்கரை, புகைப்பழக்கம், ஆன்டிபயாட்டிக் ஒவ்வாமை. கடைசியாகச் சொன்னது ஏன் என்றால், சவ்வைப் பதப்படுத்தும்போது பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின், நியோமைசின், ஆம்ஃபோடெரிசின் போன்றவை கலந்த திரவத்தில் கழுவுவது வழக்கம். அவற்றின் எச்சம் இருக்கலாம் என்று பெட்டிக்குள் வரும் குறிப்புத் தாளிலேயே போட்டிருப்பார்கள்.

எங்கிருந்து வருகிறது

தானம் பெரும்பாலும் முன்கூட்டியே நாள் குறித்த சிசேரியனில்தான் எடுக்கப்படுகிறது, இயல்பான பிரசவத்தில் கிருமி கலக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால். தாயின் எழுத்துபூர்வ சம்மதம், உடல்நல வரலாறு, ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிஃபிலிஸ் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தால்தான் எடுப்பார்கள். குழந்தையிடமிருந்து எதையும் எடுப்பதில்லை. குழந்தை வெளியே வந்து, தொப்புள்கொடி வெட்டிய பிறகு, நஞ்சுக்கொடி வந்தபின்தான் இந்த வேலையே தொடங்கும்.

திசு வங்கியில் ரத்தத்தைக் கழுவி, உள்சவ்வை வெளிச்சவ்விலிருந்து கையால் பிரித்தெடுப்பார்கள். வெளிச்சவ்வையும் சேர்த்தே பதப்படுத்துவதும் உண்டு, அது சற்றுத் தடிமனாக இருக்கும். பிறகு இரண்டு வழி: கிளிசரால் கலந்த திரவத்தில் போட்டு மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பது, அல்லது உலர்த்திப் பொட்டலமிட்டுக் கதிரியக்கத்தால் கிருமி நீக்குவது. உலர் சவ்வு அறை வெப்பத்திலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கும். அழகுச் சிகிச்சைகளுக்குக் கையாள எளிதானது அதுதான்.

பொட்டலத்தைப் பிரிக்கும் முன்

காலாவதித் தேதி, தொகுப்பு எண், கிருமி நீக்கம் செய்ததைக் காட்டும் குறி, உறை கிழியாமல் இருப்பது: நான்கையும் பாருங்கள். பொட்டலம் ஈரமாகவோ ஊசித்துளை விழுந்தோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஒரு பொட்டலம் ஒருவருக்கு மட்டுமே. மீதித் துண்டை அடுத்தவருக்கு எடுத்து வைக்கக் கூடாது, மறுபடி கிருமி நீக்கவும் கூடாது.

நோயாளியும் அந்த எண்ணைக் கேட்டு வாங்கலாம். பெட்டியில் கிழித்து ஒட்டும் சீட்டுகள் இதற்காகவே இருக்கின்றன. ஒன்று மருத்துவக் கோப்பில் ஒட்ட, ஒன்று உங்களுக்கு. சீட்டு இல்லை, எந்த வங்கியிலிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றால் அந்தச் சவ்வை முகத்தில் வைக்க அனுமதிக்காதீர்கள்.

உறைநிலைச் சவ்வானால் குறிப்பில் சொன்ன நேரத்துக்கு வெளியே வைத்து உருக விடுங்கள். சுடுநீரில் போடுவது, மைக்ரோவேவில் காட்டுவது இரண்டும் புரதத்தைக் கெடுத்துவிடும். உருகியபின் சலைனில் (கிருமியற்ற உப்புநீர்) அலசி கிளிசராலைப் போக்க வேண்டும்.

வைக்கும் முறை

முதலில் புண்ணின் தரை. மரத்துப் போகப் பூசிய கிரீம், லேசர் கருக்கிய துகள், கசிந்த ரத்தம் எல்லாவற்றையும் சலைன் நனைத்த காஸ் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சிகிச்சைக்கு முன் பூசிய கிருமிநாசினியின் எச்சமும் போக வேண்டும். குளோர்ஹெக்சிடின் கண்ணுக்கும் காதின் உள்ளுக்கும் ஆகாது, முகத்தில் மிகக் கவனம். ஆல்கஹால் கலந்ததைப் பூசி ஈரம் காயும் முன் லேசர் அடித்தால் தீப்பிடிக்கும்.

ரத்தக் கசிவு நிற்கும் வரை காத்திருங்கள். சலைன் காஸை மென்மையாக அழுத்திச் சில நிமிடம் பிடித்தால் நிற்கும். அவசரப்பட்டு வைத்தால் சவ்வுக்குக் கீழே ரத்தம் தேங்கிச் சவ்வு மிதக்கும். மிதக்கும் சவ்வு ஒட்டாது, தேங்கிய ரத்தம் கிருமிக்குத் தீனி. எங்கள் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கிறது. புண்ணில் வாஸ்லினோ களிம்போ இருக்கவே கூடாது. எண்ணெய்ப் பசையின் மேல் சவ்வு நிற்காமல் வழுக்கும்.

அளவு: புண்ணைவிடச் சுற்றிலும் 2 முதல் 3 மில்லிமீட்டர் கூடுதலாக. புண் 3×4 சென்டிமீட்டர் என்றால் ஓரத்தையும் சேர்த்து 3.6×4.6 ஆகிறது. அதாவது 4×4 துண்டு போதாது, 4×6 எடுத்து வெட்ட வேண்டும். பொடி இல்லாத கையுறை, உலர்ந்த இடுக்கி, கூர்மையான கத்தரி. உலர் சவ்வை உலர்ந்திருக்கும்போதே வெட்டுங்கள். ஒரு சொட்டு நீர் பட்டால்கூடப் பட்ட இடம் சுருண்டு தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிப்பது பெரும்பாடு. மூலைகளை வட்டமாகக் கத்தரித்தால் ஓரம் சீக்கிரம் தூக்காது.

அடுத்தது எந்தப் பக்கம் கீழே என்பது. வெளிச்சவ்வு சேராத ஒற்றைச் சவ்வானால் பொதுவாக ஸ்ட்ரோமா பக்கம் புண்ணைத் தொட வேண்டும். உலர்ந்த பஞ்சுக் குச்சியை மூலையில் மெதுவாகத் தொட்டு எடுங்கள். நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தால் அது ஸ்ட்ரோமா, வழுக்கி வந்தால் எபிதீலியம். இந்தச் சோதனை ஈரச் சவ்வில் தெளிவாகத் தெரியும். உலர் சவ்வில் பக்கத்தைக் காட்ட எழுத்தோ வெட்டோ வைத்திருப்பார்கள். சில தயாரிப்புகளில் எந்தப் பக்கமும் வைக்கலாம். எதுவானாலும் குறிப்புத் தாள் சொல்வதே கடைசி வார்த்தை.

வைக்கும் கணம் இது: புண் ஈரமாக, ஆனால் நீர் தேங்காமல் இருக்க வேண்டும். சவ்வின் ஒரு ஓரத்தை முதலில் தொடவிட்டு, மறு ஓரத்தைத் தாளைச் சாய்ப்பது போல மெல்லச் சாயுங்கள். ஈரம் ஏற ஏற வெள்ளையாக இருந்தது கண்ணாடிபோல் தெளிந்து, கீழே இருக்கும் சிவப்பு தெரியும். தெளியாமல் வெள்ளையாக நிற்கும் இடத்தில் காற்று இருக்கிறது. சலைனில் நனைத்த பஞ்சுக் குச்சியை உருட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். உலர்ந்த இடம் தெரிந்தால் ஒரு சொட்டு சலைன் போதும், இரண்டாவது சொட்டில் மிதக்கத் தொடங்கும். மூக்கோரம், உதட்டு மடிப்பு போன்ற இடங்களில் ஒரே துண்டைப் பள்ளத்துக்குக் குறுக்கே இழுத்துப் போட்டால் வாய் அசைக்கும்போது கூடாரம்போல் எழும்பும். சிறு சிறு துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி போடுங்கள். நீர் கசியும் புண்ணானால் சவ்வில் இரண்டு மூன்று சிறு கீறல் போட்டுவிட்டால் நீர் வெளியேற வழி கிடைக்கும்.

அதன்மேல் ஒட்டாத சிலிகான் வலை, அதற்குமேல் காஸ். வலை இல்லாமல் நேராகக் காஸ் வைத்தால், மறுநாள் காஸை எடுக்கும்போது சவ்வும் சேர்ந்து வந்துவிடும்.

வீட்டில் முதல் வாரம்

கையை வைக்காதீர்கள். மற்ற எல்லா அறிவுரையும் இதற்கு அடுத்தபடிதான்.

மேல்காஸ் நனைந்தால் மாற்றலாம். வலையும் சவ்வும் மருத்துவர் சொல்லும் நாள் வரை, பொதுவாக 5 முதல் 7 நாள், அப்படியே இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று இரவு தலைப்பக்கம் உயர்த்திப் படுத்தால் வீக்கம் குறையும். முகத்தில் தண்ணீர் நேராகப் படாமல் கழுத்துக்குக் கீழே குளியுங்கள். ஆவி பிடிப்பது, வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி, அந்த இடத்தில் சவரம் எதுவும் வேண்டாம். சவ்வு இல்லாத இடங்களில் சொன்னபடி சலைனால் ஒற்றித் துடைத்து வாஸ்லின் போடுங்கள், சவ்வின் ஓரத்துக்கு ஒரு விரல் தள்ளியே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சவ்வு தெளிவாக, ஈரமாக இருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் மங்கலாகி மஞ்சள் படியும். சீழ் பிடித்துவிட்டது என்று பலரும் பதறுவது அப்போதுதான். நாற்றமில்லை, வலி நாளுக்கு நாள் குறைகிறது, சுற்றியுள்ள சிவப்பு பரவவில்லை என்றால் அது சவ்வும் கசிவு நீரும் காய்ந்த நிறம்தான். ஐந்தாம் நாளிலிருந்து ஓரம் சுருண்டு எழும்பும். எழும்பிய ஓரத்தைச் செவிலியர் கத்தரியால் வெட்டிவிடலாம். நீங்கள் இழுத்தால் இன்னும் ஒட்டியிருக்கும் இடத்தில் புதுத்தோலும் கூடவே உரிந்து வரும், அந்த இடம் மறுபடி முதல் நாளிலிருந்து ஆற வேண்டும்.

உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டியவை

இரண்டாம் நாளுக்குப் பின் குறைய வேண்டிய வலி கூடினால் பாக்டீரியா தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். காய்ச்சல், நாற்றம், பரவும் சிவப்பு சேர்ந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். கொத்துக் கொத்தாகச் சிறு கொப்புளமோ, கடுகு தெளித்ததுபோல் ஒரே அளவுச் சிறு புண்களோ வந்தால் ஹெர்பிஸ். இது பெரும்பாலும் முதல் வாரத்தில் வரும், விட்டால் தழும்பாகிவிடும். முகத்தை முழுப் பரப்பாகச் சுடும் சிகிச்சைக்கு முந்தைய நாளோ அன்றோ வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவது இதைத் தடுக்கத்தான். இதுவரை கொப்புளம் வராதவருக்கும் அது கொடுப்பார்கள், வேண்டாம் என்று நிறுத்திவிடாதீர்கள். வலியைவிட அரிப்பு அதிகம், ஈரமான சிவப்பு, வெண்புள்ளிகள் என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்.

அரிப்பும் வீக்கமும் களிம்பு போட்ட இடத்தில் மட்டும் இருந்தால் களிம்பைச் சந்தேகியுங்கள். நியோமைசின், பாசிட்ராசின் கலந்த ஆன்டிபயாட்டிக் களிம்புகள் ஆறும் புண்ணில் ஒவ்வாமை கிளப்புவதில் பேர்போனவை. 'எதற்கும் இருக்கட்டும்' என்று மருந்துக்கடையில் வாங்கிப் போடுவது அதனால்தான் கூடாது.

குப்பியில் வரும் திரவங்கள்

இதே தானத்தின் பெயரால் பனிக்குட நீர், தொப்புள்கொடிச் சாறு, எக்ஸோசோம் (செல்கள் வெளியிடும் நுண்குமிழ்கள்) என்று குப்பிகளில் வருகின்றன. மைக்ரோ நீட்லிங் முடிந்ததும் மேலே ஊற்றித் தேய்க்கிறார்கள், சிலர் ஊசியாகவே போடுகிறார்கள். சவ்வுக்கும் இவற்றுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. சவ்வு புண்ணின் மேலே இருந்து, பிறகு விழுந்துவிடும். ஊசித்துளை வழியே போனது தோலுக்குள் தங்கும். 2018-இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தயாரித்த, பாக்டீரியா கலந்திருந்த ஊசி மருந்தால் 12 பேருக்குக் கடும் தொற்று வந்தது. 2019 டிசம்பரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எக்ஸோசோம் தயாரிப்புகளைப் பற்றிப் பொது எச்சரிக்கை வெளியிட்டது. கிருமி இல்லாவிட்டாலும், தோலுக்கு மேலே பூசச் செய்த சீரத்தை ஊசித்துளைக்குள் இறக்கினால் நாள்பட்ட முடிச்சுகள் வந்ததும் பதிவாகியிருக்கிறது. குப்பியைக் காட்டினால் கேளுங்கள்: இது ஊசித்துளை வழியே உள்ளே போக அனுமதி பெற்றதா? நேரான பதில் வராவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சவ்வு விழுந்த பிறகு

அடியில் இருக்கும் தோல் இளஞ்சிவப்பாக, பளபளப்பாக, மெல்லியதாக இருக்கும். சிவப்பு வாரக்கணக்கில், முழுப் பரப்புச் சிகிச்சையில் மாதக்கணக்கில் நீடிக்கும். அது ஆறாத புண் அல்ல. தொட்டால் ஈரம் கசியாமல் முழுதும் மூடிய பிறகே சன்ஸ்க்ரீன் தொடங்குங்கள். அதுவரை நிழலும் அகலத் தொப்பியும்தான் பாதுகாப்பு.

மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் சில வாரம் கழித்துக் கருமை படிவதே பெரிய தொல்லை. சவ்வு வைத்ததால் அது வராது என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருமையைத் தூண்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்க்ரீன், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், வெளியே இருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. ரெட்டினால், கிளைகாலிக் அமிலம், வைட்டமின் சி சீரம் எல்லாம் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான்.

தொகுப்பு எண் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஒரு தொகுப்பில் குறை கண்டு திரும்பப் பெற்றால், யாருக்கு வைத்தது என்று தேட அந்த எண் ஒன்றுதான் வழி. பின்னாளில் ரத்ததானம் செய்யப் போனால், பிறர் திசு வைத்ததையும் தேதியையும் அங்கே சொல்லுங்கள். சிறிது காலம் காத்திருக்கச் சொல்லக்கூடும்.